வருஷத்துக்கு 10,000 குதிரை... பாண்டிய ராஜாவின் காஸ்ட்லி ஆசை!

குதிரை வண்டிப் பந்தய ரீல்ஸ் ஒண்ணாவது உங்க கண்ணுல பட்டிருக்கும். ரோடு நிறைய பைக், நடுவுல புழுதி, அந்தப் புழுதியைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வரும் ஒரு குதிரை. வண்டியில் குனிந்து உட்கார்ந்திருக்கும் சாரதி. பின்னணியில் ஒரு மாஸ் பாட்டு. பார்த்து முடிச்சதும் மனசுக்குள் ஒரு ஆசை எட்டிப் பார்க்கும். நாமளும் ஒரு குதிரை வாங்கினா என்ன?

எனக்கும் எட்டிப் பார்த்தது. கோவில்பட்டியிலிருந்து மேற்கே போகும் இளையரசனேந்தல் சாலை. ஒரு காலத்தில் ஜமீன் ஊர். முன்பு சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்து, இப்போது தூத்துக்குடி மாவட்டக் கணக்கில் இருக்கிறது. சுற்றிலும் கரிசல் காடு. அந்தப் பக்கத்தில் பந்தயக் குதிரை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். காலை அஞ்சரை மணி. குதிரையின் முன்னங்காலைத் தூக்கித் தன் தொடை மேல் வைத்துக்கொண்டு, குளம்புக்குள் சிக்கியிருந்த கல்லை நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

குதிரை என்ன விலை என்று கேட்டேன். விலையைச் சொல்லிவிட்டு, அது ஒரு நாள் செலவுதான், மத்ததெல்லாம் தினச் செலவு என்றார். இதுவரைக்கும் ஜெயிச்ச பரிசுப் பணத்தில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன். சிரித்தார். பதில் வரவில்லை.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு ஒரு ராஜா ஞாபகத்துக்கு வந்தார். 700 வருஷத்துக்கு முன்னால், இதே மாவட்டத்தின் கடற்கரையில் வந்து இறங்கிய குதிரைகளை ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தவர். பணத்துக்குப் பஞ்சமே இல்லாதவர். ஆனாலும் குதிரை விஷயத்தில் வருஷா வருஷம் தோற்றவர். பெயர், மாறவர்மன் குலசேகர பாண்டியன்.

யார் இந்தக் குலசேகரன்?

ஸ்கூல் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்து போயிருப்பீர்கள். 1268-ல் பட்டத்துக்கு வந்தவர். 40 வருஷத்துக்கு மேல் ஆண்டவர். 1279-ல் ஹொய்சள ராமநாதனையும் மூன்றாம் ராஜேந்திர சோழனையும் தோற்கடித்தார். ராஜராஜன், ராஜேந்திரன் என்று நாம் கொண்டாடும் சோழப் பேரரசு முடிவுக்கு வந்தது இவர் கையால்தான்.

சேர நாட்டுப் பக்கம் போய் வென்றதால் கொல்லம் கொண்டான் என்று பட்டம். 1284 வாக்கில் இவருடைய தளபதி ஆரியச்சக்கரவர்த்தி இலங்கைக்குப் படையோடு போனார். சிங்கள மன்னர்கள் உயிராகக் காத்துவந்த புத்தரின் பல்லையே எடுத்து வந்துவிட்டார். அதைத் திரும்ப வாங்க மூன்றாம் பராக்கிரமபாகு நேரிலேயே பாண்டிய நாட்டுக்கு வந்து பேச வேண்டியிருந்தது.

அப்போது பாண்டிய நாட்டில் ஒரே ஒரு ராஜா கிடையாது. அண்ணன் தம்பி, பங்காளி என்று பல பேர் ஆளுக்கொரு பகுதியை ஆண்டார்கள். அதில் மூத்தவர், தலைவர் குலசேகரன். 1290-களின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் வந்த வெனிஸ் பயணி மார்கோ போலோ, ஐந்து அண்ணன் தம்பி ராஜாக்கள் என்று எழுதியிருக்கிறார். காயல் துறைமுகத்தின் ராஜாவை அஷர் என்கிறார். அது குலசேகரன்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. அரபு, பாரசீக வியாபாரிகள் இந்த நாட்டுக்கு வைத்த பெயர் மாபார்.

இத்தனை பெரிய ராஜாவிடம் எல்லாம் இருந்தது. முத்து இருந்தது, யானை இருந்தது. கப்பல் கப்பலாக வியாபாரம் நடந்தது. இல்லாதது ஒண்ணே ஒண்ணு. நல்ல குதிரை.

காயலில் இறங்கிய பார்சல்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில் பழையகாயல் இருக்கிறது. இன்றைக்குப் பார்த்தால் அமைதியான ஊர். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் தள்ளிப் போய்விட்டது. ஆனால், குலசேகரன் காலத்தில் காயல் சர்வதேச துறைமுகம். ஹோர்முஸ், கிஷ், ஏடன் என்று அரபு, பாரசீகக் கடற்கரையிலிருந்து வரும் கப்பல்கள் எல்லாம் இங்கேதான் நிற்கும். அதில் பெரிய சரக்கு, குதிரை.

அந்தக் கப்பல்களைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் பகீர் என்று இருக்கும். ஹோர்முஸ் கப்பல்களில் இரும்பு ஆணியே கிடையாது. தென்னை நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்து, மீன் எண்ணெய் பூசியிருப்பார்கள். மேல்தளமும் இருக்காது. சரக்கை அடுக்கி, அதன் மேல் தோலை விரித்து, தோலுக்கு மேல் குதிரைகளை நிறுத்திக் கொண்டுவருவார்கள். வாரக்கணக்கில் கடலில் ஆடிக்கொண்டே வரும் 400 கிலோ ஜீவன். குதிரையால் வாந்தி எடுக்கவே முடியாது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். அதன் உடம்பு அமைப்பு அப்படி.

விலை? நூறு மார்க் வெள்ளிக்கும் மேல் என்கிறார் மார்கோ போலோ. ஒரு மார்க் என்பது கால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. அப்படியானால் ஒரு குதிரைக்கு 20 கிலோவுக்கு மேல் வெள்ளி. ராஜா வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவார், தம்பிகளும் ஆளுக்கு அதே அளவு வாங்குவார்கள் என்று எழுதுகிறார். ஐந்து ராஜா, ஆளுக்கு 2,000. மொத்தம் 10,000.

மிகைப்படுத்துகிறார் என்று நினைக்கிறீர்களா? பாரசீகத்தில் உட்கார்ந்துகொண்டு வரலாறு எழுதிய வஸ்ஸாஃப், மார்கோ போலோவுக்குச் சம்பந்தமே இல்லாத ஆள். அவரும் வருஷத்துக்கு 10,000 குதிரை மாபாருக்கும் பக்கத்துத் துறைமுகங்களுக்கும் போனது என்றுதான் எழுதியிருக்கிறார். ஒரு குதிரை 220 பொன் தினார். மொத்தம் 22 லட்சம் தினார்.

இந்தப் பணம் அரசு கஜானாவிலிருந்து போகவில்லை என்றும் வஸ்ஸாஃப் சொல்கிறார். கோயில் சொத்துகளின் வருமானமும், கோயில்களைச் சேர்ந்த தேவரடியார்கள் கட்டிய வரியும்தான் குதிரையாக மாறின. ராஜாவின் ஆசைக்கு பில் கட்டியது வேறு யாரோ.

வழியில் செத்தாலும் காசு!

ஆன்லைனில் ஒரு பொருள் ஆர்டர் போடுகிறீர்கள். உடைந்து வந்தால் ரிட்டர்ன். வராமலே போனால் ரீஃபண்ட். குலசேகரன் போட்ட டீல் இதற்கு நேர் எதிர்.

கிஷ் தீவின் பெரிய வியாபாரி மாலிகுல் இஸ்லாம் ஜமாலுத்தீன். வருஷத்துக்கு 1,400 குதிரைகள் இவர் அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம். ஒவ்வொன்றுக்கும் 220 தினார். வழியில் கடலில் எத்தனை செத்தாலும் அதற்கும் பாண்டிய நாடு பணம் கொடுத்துவிட வேண்டும். விற்றவருக்கு ரிஸ்க் பூஜ்ஜியம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டிய நாட்டு அமைச்சர். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில். விற்பவர் குடும்பத்தில் ஒருத்தர், வாங்கும் இடத்திலும் முக்கியப் பதவியில்! வஸ்ஸாஃப் இதைத் தவறாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அரசியலும் கடல் வியாபாரமும் இப்படித்தான் கை கோத்திருந்தன. ஆனாலும் பேரம் பேசும்போது யார் பக்கம் தராசு சாய்ந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

வெளிநாட்டு வியாபாரிகள் இங்கே நம்பி வந்ததற்கு நியாயமான காரணமும் இருந்தது. கடன் வாங்கியவர் இழுத்தடித்தால், கடன் கொடுத்தவர் அவரைச் சுற்றித் தரையில் வட்டம் போட்டுவிடலாம். பணம் கொடுக்காமல் அந்த வட்டத்தைத் தாண்டினால் மரண தண்டனை. மாபார் அரசர் ஒருவர் குதிரையில் வரும்போது, பாக்கி வரவேண்டிய வெளிநாட்டு வியாபாரி குதிரையோடு சேர்த்து அவரைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டாராம். பணம் வந்து சேரும் வரை அரசர் குதிரையை ஓர் அடி நகர்த்தவில்லை. தன் கண்ணால் பார்த்ததாக மார்கோ போலோ எழுதுகிறார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றும் நாடு. விலை கொடுக்கத் தயங்காத ராஜா. அப்புறம் எங்கே தோற்றார்கள்?

நெய்யும் பாலும் குடித்த குதிரைகள்

வருஷக் கடைசியில் பார்த்தால், வாங்கிய 2,000-ல் நூறுகூட உயிரோடு இருக்காதாம். மறுபடி 2,000 வாங்க வேண்டும். அடுத்த வருஷமும் அதே கதை.

பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இல்லை என்பது மார்கோ போலோ சொல்லும் காரணம். சோற்றோடு இறைச்சி சேர்த்துச் சமைத்துக் குதிரைக்குப் போட்டார்களாம். வஸ்ஸாஃப் தரும் மெனு இன்னும் ஆடம்பரம். வறுத்த பார்லி, நெய்யில் புரட்டிய தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். நாற்பது நாள் லாயத்தில் முளை அடித்துக் கட்டிப்போட்டு, நன்றாகக் கொழுத்த பிறகு, பழக்காமலே ஏறி விரட்டுவார்கள். கொஞ்ச நாளில் நல்ல குதிரையும் சோர்ந்து, மந்தமாகி, ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும்.

ரெண்டு பேருமே வெளியூர்க்காரர்கள். அவர்கள் சொன்னதில் கொஞ்சம் உப்பு, காரம் தூக்கலாக இருக்கலாம். நம் ஊரில் குதிரை புதிதும் இல்லை. சங்க காலத்திலேயே கடல் வழியாகக் குதிரை வந்திருக்கிறது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் கோயில் கட்டச் செலவழித்த கதையும், நரி பரியான கதையும் நம் பாட்டிகளுக்கே தெரியும்.

ஆனால், இன்றைய கால்நடை அறிவியலை வைத்துப் பார்த்தால் அந்த மெனுவே போதும், குதிரையைக் கொல்ல. குதிரைக்கு மாடு மாதிரி நாலு அறை வயிறு இல்லை. ஒரே ஒரு சின்ன வயிறு. புல்லைச் செரிக்கும் வேலை பின்பக்கப் பெருங்குடலில் நடக்கிறது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்காகவே படைக்கப்பட்ட உடம்பு. அதில் மாவுச்சத்தையும் கொழுப்பையும் மொத்தமாக இறக்கினால் வயிறு உப்பும், வலி பிடுங்கும். வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் வழியில்லை. குதிரைகள் அதிகம் சாவது இந்த வயிற்று வலியால்தான்.

அதில் தப்பித்தாலும் குளம்பு போகும். தானியம் ஓவராகிப் போனால் குளம்புக்குள் இருக்கும் மெல்லிய சதை வீங்கி, குதிரை நிற்கவே முடியாமல் தவிக்கும். நாற்பது நாள் கட்டிப்போட்டு, கொழுக்க வைத்து, திடீரென்று விரட்டினால் கேட்கவே வேண்டாம். போதாததற்கு நம் கடற்கரை வெக்கை. ஈரப்பதமும் வெயிலும் சேர்ந்த ஊருக்குப் புதிதாக வரும் குதிரைகளில் சிலவற்றுக்கு வியர்வை சுரப்பதே நின்றுபோகும். உடம்புச் சூடு வெளியேற வழியில்லாமல் அவதிப்படும்.

இதையெல்லாம் தெரிந்த ஆட்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். அரபு நாட்டில். குதிரை விற்ற வியாபாரிகள் குதிரை வைத்தியம் தெரிந்த ஒருவரைக்கூட இங்கே கூட்டி வரவில்லை, வர நினைத்தவர்களையும் விடவில்லை என்று குற்றம்சாட்டுகிறார் மார்கோ போலோ. குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் ஆர்டர் வரும்!

இங்கேயே குட்டி போட வைத்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். நல்ல ஆண் குதிரைக்கும் நல்ல பெண் குதிரைக்கும் பிறந்த குட்டிகூட, கால் கோணலாக, சவாரிக்கே லாயக்கில்லாமல் பிறந்தது என்று குறிப்பு இருக்கிறது. 11 மாதம் சுமக்கும் தாய்க் குதிரைக்குச் சரியான தீவனம் இல்லாமல் குட்டி மட்டும் எப்படி நன்றாகப் பிறக்கும்?

அப்புறம் ஏன் வாங்கினார்?

இத்தனை நஷ்டத்துக்கும் அப்புறம் 40 வருஷம் ஒருத்தர் குதிரை வாங்கினார் என்றால், அவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. குதிரைப்படை இல்லாத ராஜாவுக்கு அந்தக் காலத்தில் மரியாதை இல்லை. எதிரி குதிரையில் வரும்போது நீங்கள் நடந்து போக முடியாது. தன் ஆட்சிக் காலத்தில் பெரிய போர்களில் குலசேகரன் ஜெயித்தார் என்றால், அதில் இந்தக் குதிரைகளுக்கும் பங்கு உண்டு.

கணக்கில் வராத இன்னொன்றும் உண்டு. குதிரை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். காலையில் லாயத்துக்குள் நுழையும்போது நம் காலடிச் சத்தத்தை அடையாளம் கண்டு அது கனைக்குமே, அந்த ஒரு நொடிக்காகத்தான் மத்த எல்லாமே என்பார்கள். காயலில் இறங்கிய ஒரு அரபுக் குதிரை, கடல் உப்பு காய்ந்த பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு மண்ணில் முதல் அடி வைக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பொன்னைக் கொட்டிக் கொடுக்க ஒரு ராஜாவுக்குத் தோன்றியதில் ஆச்சர்யமில்லை.

சிக்கல் என்னவென்றால், அந்தக் காலடிச் சத்தம் ராஜாவுடையதாக இருக்க வாய்ப்பே இல்லை. 2,000 குதிரை வைத்திருப்பவருக்கு ஒரு குதிரையைக்கூடத் தெரிந்திருக்காது.

கடைசி ஓட்டம்

குலசேகரனுக்கு ரெண்டு மகன்கள். பட்டத்து ராணியின் மகன் சுந்தர பாண்டியன். இன்னொரு மனைவிக்குப் பிறந்தவர் வீர பாண்டியன். அப்பாவுக்கு வீரன் மேல்தான் நம்பிக்கை. அடுத்த ராஜா அவர்தான் என்று முடிவு செய்தார். ஆத்திரமடைந்த சுந்தர பாண்டியன், 1310-ல் அப்பாவையே கொன்றார். பிறகு அண்ணன் தம்பிக்குள் போர்.

வீடு ரெண்டுபட்ட நேரம் பார்த்து, 1311-ல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காஃபூர் படையோடு மாபாருக்குள் வந்தார். தென்னாட்டுப் படையெடுப்பை முடித்து அவர் டெல்லி திரும்பியபோது கூடவே போனவை 512 யானை, 5,000 குதிரை என்கிறார் அமீர் குஸ்ரூ. 612 யானை, 20,000 குதிரை என்கிறார் பரணி. எண்ணிக்கையில்தான் வித்தியாசம். கடல் தாண்டி வந்து, நம் வெயிலையும் நெய்யையும் தாங்கிப் பிழைத்த குதிரைகளிலும் ஆயிரக்கணக்கானவை இப்போது வடக்கே நடந்தன.

நீங்க வாங்கப் போறீங்களா?

திரும்ப நம் அண்ணாச்சிக்கு வருவோம். வெளிநாடுகளில் சின்ன ரெண்டு சக்கர வண்டியில் குதிரையைப் பூட்டி ஓட்டும் பந்தயம் கோடிகள் புரளும் தொழில். நம் தென்மாவட்டங்களில் அது கோயில் கொடையோடும் பொங்கலோடும் கலந்த விஷயம். பெரிய குதிரை, நடுக்குதிரை, கரிச்சான் குதிரை என்று பிரித்து, எல்கை வைத்து ஓட விடுவார்கள். எல்கையை முதலில் தொட்டுக் கொடி வாங்கும் வண்டிக்குத் தனிப் பரிசு. ஊரே பேர் சொல்லிக் கத்தும். ஓனருக்குக் கிடைக்கும் பெரிய லாபம் அந்தச் சத்தம்தான்.

மத்ததெல்லாம் செலவு. 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 8 கிலோ தீவனம். அதில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும். கொள்ளு அளவோடுதான். வெயில் காலத்தில் 40 லிட்டர் தண்ணீர்கூடக் குடிக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி, லாடம் பார்க்க வேண்டும். ஒரு சின்னக் காயம் போதும், டெட்டனஸ் குதிரையைச் சுலபமாகப் பிடித்துவிடும். அதனால் தடுப்பூசி தவறக் கூடாது. ராத்திரி ரெண்டு மணிக்குக் குதிரை தரையில் புரண்டு வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், உடனே வரும் கால்நடை மருத்துவர் ஒருவரின் நம்பர் உங்கள் ஃபோனில் இருக்க வேண்டும். பந்தயம் வருஷத்தில் சில நாள். மிச்சமிருக்கும் நாளெல்லாம் சாணி அள்ள வேண்டும்.

அண்ணாச்சியிடம் இருப்பது ஒரே ஒரு குதிரை. எட்டு வருஷமாக இருக்கிறது. கல்யாண வீட்டுக்குக்கூட ராத்திரி தங்குவதில்லையாம். பரிசு வாங்கிய வருஷங்களை விட வாங்காத வருஷங்கள்தான் அதிகம் என்றார். குலசேகரன் கதையைச் சொன்னேன். நெய்யையும் பாலையும் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். ரெண்டாயிரம் குதிரை கணக்கு அவர் காதிலேயே விழவில்லை. அந்தக் குதிரைகளுக்குக் காலையில் குளம்பு பார்த்தது யார் என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை.

கிளம்பும்போது, நிஜமாகவே ஆசை இருந்தால் நாளைக்கும் அஞ்சரைக்கு வாங்க, குளம்பு பார்க்கக் கத்துத் தர்றேன் என்றார். கோவில்பட்டி லாட்ஜில் வந்து அலாரம் வைத்தேன். காலையில் அடித்தது. ஸ்னூஸ் போட்டேன். மறுபடி அடித்தது. மறுபடி போட்டேன்.

எழுந்தபோது மணி எட்டு. குதிரை வாங்கும் ஆசை அத்தோடு போயிடுச்சு. உங்களுக்கு இன்னும் இருந்தா, விலை விசாரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மாசம் தொடர்ந்து அஞ்சரைக்கு எழுந்து பாருங்க.